கண்ணில் பட்டது மருந்தில்லை

எருக்கு வளர்த்ததால் எனக்குக் கண் போய்விட்டது என்று எங்கள் தெருவில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் ஒன்று, கண் போகவில்லை. இரண்டாவது, எருக்கம்பாலால் வந்தது பாதிதான். மீதிப் பாதி நான் சொன்ன பொய்யால் வந்தது. பழியைப் பங்கு போடுவதென்றால் ஒழுங்காகப் போட வேண்டும். வாயில்லாத செடி என்பதற்காக முழுவதையும் அதன் தலையில் கட்டக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற யாராவது படித்தால் இன்னும் நல்லது.

என் பெயர் முத்துமாரி. சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் ரிஜிஸ்டர் பார்ப்பது என் வேலை. பட்டாசுப் பெட்டி லேபிளில் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நாலு கலரும் தனித்தனியாக விழும். நாலும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால்தான் லேபிளில் சிரிக்கிற குழந்தைக்கு ஒரு மூக்கு. மயிரிழை விலகினால் இரண்டு மூக்கு. வலது கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்து, "சிவப்பு விலகியிருக்கு, மிஷினை நிப்பாட்டு" என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். பதினாறு வருஷமாக அந்த வலது கண் எனக்குச் சோறு போட்டது.

என் வீட்டுக்காரர் கருப்பசாமிக்கு நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து வேலை. வெளியூர்க்காரர்களுக்கு மருந்து என்றால் மாத்திரை, டானிக். எங்களுக்கு மருந்து என்றால் வெடிக்குள் போகிற பொடி. அதைக் கலந்து சலிக்கிற அறையில் அவர் இருபது வருஷம் இருக்கிறார். உரசக் கூடாது, தட்டக் கூடாது, சிந்தக் கூடாது. அந்தக் கைகளால் அவர் வீட்டில் டம்ளரை வைத்தால்கூடச் சத்தம் வராது.

பிரஸ்ஸில் கழிவுத் தாளோடு வந்த ஒரு பழைய பத்திரிகையில்தான் அந்தச் செய்தியைப் படித்தேன். அமெரிக்காவில் மோனார்க் என்று ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறதாம். குளிர் வந்தால் கூட்டம் கூட்டமாகத் தெற்கே மெக்சிகோவுக்குப் பறந்துபோகுமாம். எங்கே கிளம்பியது, எங்கே இறங்கியது என்று கண்டுபிடிக்க, அங்கே ஜனங்கள் வீட்டிலேயே புழுவை வளர்த்து, பட்டாம்பூச்சியானதும் இறக்கையில் நம்பர் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டி விடுகிறார்களாம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டிக்கருக்குப் பஞ்சமான ஊரா இது?

அந்த மோனார்க்கின் சொந்தக்காரி நம் ஊரிலேயே இருக்கிறாள். வெந்தய வரியன் என்று பெயர். ஆரஞ்சு இறக்கை, கறுப்பு ஓரம், நுனியில் வெள்ளைப் பொட்டு. அதன் புழு எருக்கிலையைத் தின்று வளரும். மழைக்காலத்துக்கு முன்னால் நீல வரிப் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக மேற்கே மலையைப் பார்த்துப் போவதை எங்கள் மொட்டை மாடியிலிருந்து வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். அவற்றோடு வெந்தய வரியனும் மலை வரைக்கும் போகிறதா, இல்லை இங்கேயே சுற்றுகிறதா? தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குப் பிடித்துக்கொண்டது. ஏதாவது ஸ்டிக்கர் ஆர்டர் ஓடும்போது தாளின் ஓரத்தில் மிச்சமிருக்கும் இடத்தில், மிளகை விடக் கொஞ்சம் பெரிதாகச் சிவப்பு வட்டம், அதற்குள் கறுப்பில் ஊர்ப் பெயர், நம்பர், பிரஸ் போன் என்று முதலாளியிடம் கெஞ்சி அச்சடித்து வாங்கினேன். மாடியில் ஏழு தொட்டியில் எருக்கு வைத்தேன். முதல் வருஷம் ஒட்டிவிட்டதில் ஒன்றே ஒன்றுக்குப் பதில் வந்தது. ராஜபாளையத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்து மாந்தோப்புக் காவல்காரர் போன் பண்ணி, "பத்தொம்பதாம் நம்பர் எங்க தோப்புல செத்துக் கிடக்கு, இது யாரு வீட்டுப் பூச்சி?" என்று கேட்டார். அன்றைக்கு பிரஸ்ஸில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

எருக்கை வீட்டில் வைத்தால் வீடு பாழ்மனையாகிவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அடுத்த வீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரரின் அக்கா, சண்முகத்தாய் மதினி, அதில் உறுதியானவர். "பிள்ளையாருக்குப் பூப் பறிக்க ரோட்டோரமா ஆயிரம் எருக்கு கெடக்கு. மாடியில வச்சு வளக்கணுமாக்கும். இந்த வீட்டுல ஒரு கெட்டது நடக்கட்டும், தொட்டியோட தூக்கி எறியல, என் பேரு சண்முகத்தாய் இல்ல" என்று சொல்லி வைத்திருந்தார். இந்த வார்த்தைதான் என்னைப் பொய் சொல்ல வைத்தது.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், புரட்டாசிக் கடைசி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியில் புழுக்களுக்கு இலை ஒடித்துக்கொண்டிருந்தேன். ஒரு தண்டு முறிந்து பால் தெறித்தது, கையெல்லாம் பிசுபிசுப்பு. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது, புறங்கையால் துடைத்துவிட்டேன். அவ்வளவுதான். லேசாக ஒரு உறுத்தல், தண்ணீரை அடித்துக் கழுவியதும் அதுவும் போய்விட்டது. வலி என்று ஒன்று இருந்திருந்தால் நான் பயந்திருப்பேன். வலி இல்லாததால் நிம்மதியாகப் போய்ச் சோறு பொங்கினேன்.

சாயங்காலம் டியூப் லைட்டைச் சுற்றி வானவில் வட்டம் தெரிந்தது. திங்கட்கிழமை பிரஸ்ஸில் லென்ஸை வைத்தால் லேபிளுக்கு மேலே பட்டர் பேப்பர் போட்டு மூடினாற்போல் இருந்தது. லென்ஸைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். பக்கத்து மேஜையில், அச்சான தாளை வடிவத்துக்கு வெட்டுகிற டை கட்டிங் பார்க்கிற ரஹ்மத்தக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். "மாரி, லென்ஸ் சுத்தமாத்தான் இருக்கு. ஒன் கண்ணப் பாரு, சாம்பப் பூத்த மாதிரி இருக்கு."

அன்று மாலை டவுனில் ஒரு டாக்டரிடம் போனோம். மதினியும் கூடவே வந்தார். கம்பவுண்டர் என் முகத்தைப் பார்த்ததும், எங்கள் ஊரில் கண்ணைப் பொத்திக்கொண்டு வருகிற எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார். "மருந்து பட்டுருச்சா?"

மதினி என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். மாடியில் பதினோரு கூடும் முப்பது புழுவும் இருந்தன. "ஆமா" என்றேன்.

"நீங்க பிரஸ்ஸுலதான இருக்கீக? மருந்து எப்படி?"

"அவுக சட்டையத் துவைச்சேன். பாக்கெட்டுல இருந்திருக்கும்போல."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். இந்த ஊரில் அதைவிட நம்பத்தகுந்த காரணம் வேறு கிடையாது. யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. கண்ணைப் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள், களிம்பு போட்டார்கள், ரெண்டு நாளில் தெளியாவிட்டால் மதுரைக்குப் போகச் சொன்னார்கள். நான் தொட்டிகளைக் காப்பாற்றிவிட்டேன் என்ற திமிரில் வெளியே வந்தேன். வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் தன் சட்டைப் பையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொய் யார் மேல் போய் விழுந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அவர் கம்பெனியிலிருந்து வந்து, தெருக்குழாயிலேயே குளித்து, துண்டோடு வீட்டுக்குள் வந்தார். வேலைச் சட்டைகள் மூன்றையும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், இடது கண்ணால் மட்டும்.

புதன்கிழமை மதுரைக்கு பஸ் ஏறினோம். அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, என் மேல் படாமல் சீட்டின் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்து வந்தார். பெரிய கண் ஆஸ்பத்திரி. சீட்டு வாங்க ஒரு வரிசை, பார்வை சோதிக்க ஒரு வரிசை, கண்ணில் பிரஷர் பார்க்க ஒரு வரிசை. கண்மணியை விரிய வைக்கிற சொட்டு விட்டு, கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். நாற்பது ஐம்பது பேர் கண்ணை மூடியபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். பார்வைப் பலகையில் முதல் எழுத்தே எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் விரலைக் காட்டி எத்தனை என்றாள். அதையும் கிட்டே கொண்டுவரச் சொல்லித்தான் எண்ணினேன்.

டாக்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், வயசு முப்பதுகூட இருக்காது. தாடையை வைத்து நெற்றியை முட்டிக்கொள்ளும் மெஷினில் வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணுக்கு என்ன மருந்துங்க போட்டீங்க?"

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். ஒளிக்கக் கூடாது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருப்பார் போல. "வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர், கொஞ்சம் பேரியமும் இருக்கும்மா" என்றார்.

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. "இதையெல்லாம் எந்த டாக்டருங்க கண்ணுல விடச் சொன்னாரு?"

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். எங்கள் ஊர் மருந்து எது, அவர் ஊர் மருந்து எது என்று விளக்கி முடித்ததும் டாக்டர் மறுபடியும் மெஷினில் பார்த்தார். பொடித் துகள் ஒன்றுகூட இல்லை, வெந்த அடையாளமும் இல்லை. "அந்த மாதிரி மருந்து பட்டிருந்தா வலி உயிரு போயிருக்கணுமே. உங்களுக்கு வலிக்கவே இல்லைங்கறீங்க. வேற எதாவது பட்டுச்சாங்க?"

"இல்ல" என்றேன். இரண்டாவது பொய்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கருவிழிக்கு முன்னால் வாட்ச் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. அதன் உள்பக்கத்தில் ஒரே வரிசையாகச் செல்கள். கண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் படலத்தில் ஊறாமல் இறைத்துக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. அவை அடிபட்டால் தண்ணீர் ஊறி, படலம் உப்பி, மங்கிவிடும். செத்த செல் மறுபடி முளைக்காது, மிஞ்சியதுதான் காலத்துக்கும் இழுக்க வேண்டும். வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு சொட்டு இருக்கிறது. ஆனால் இது வைரஸ் கிருமியால் வந்ததாக இருந்தால், அந்தச் சொட்டே கண்ணைக் கெடுத்துவிடக்கூடும். "காரணம் தெரியாம அத ஆரம்பிக்க எனக்கு யோசனையா இருக்குங்க. அட்மிட் பண்ணிக்கலாம். நாளைக்குப் பெரிய டாக்டரும் பாக்கட்டும்" என்றார்.

அதாவது, நான் வாயைத் திறக்காத ஒவ்வொரு மணி நேரமும் உள்ளே செல் செத்துக்கொண்டிருந்தது. இது தெரிந்தும் அன்று முழுவதும் பேசாமல்தான் கிடந்தேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். லென்ஸ் பிடிக்க முடியாவிட்டால் நான் யார் என்று ஒரு பயம். சொன்னால் மதினி ஜெயித்துவிடுவார் என்று அதைவிடக் கேவலமான ஒரு பயம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

வியாழக்கிழமை காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது என் வீட்டுக்காரரும் வெளியே எஸ்டிடி பூத்திலிருந்து வந்தார். இட்லிப் பொட்டலத்தை மேஜையில் வைத்தார்.

"போர்மேனுட்ட சொல்லிட்டேன் மாரி."

"என்னத்த?"

"இனி மருந்து வேலைக்கு வரலன்னு. லோடு ஏத்தப் போறேன். எம்புட்டோ பேரு கண்ணு போயிப் பாத்துருக்கேன். நான் கொண்டாந்த மருந்துல ஒனக்குப் போகணுமா?"

தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. அந்த அறையில் அவர் ஒருவரை நம்பி நாலு பேர் வேலை செய்கிறார்கள். இருபது வருஷத்தில் ஒரு பொறி பறக்கவிடாத மனுஷன். நான் எழுந்து உட்கார்ந்தேன். "மருந்து படல. எருக்கம்பாலு. ஞாயித்துக்கெழம மாடியில. ஒங்க சட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்" என்று டாக்டருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்.

டாக்டர் முதலில் பேசினார். "எருக்கா? அதான் வலிக்கல. அந்தப் பால் கண்ண மரத்துப்போக வெச்சிடுங்க." கோபப்படக்கூட அவருக்கு நேரமில்லை, நர்ஸைக் கூப்பிட்டு மணிக்கொரு தரம் ஸ்டீராய்டு சொட்டும், படலத்தில் ஊறிய தண்ணீரை உறிஞ்ச உப்புச் சொட்டும் எழுதினார். "நேத்தே சொல்லியிருந்தா ஒரு நாள் மிச்சமுங்க" என்று மட்டும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து என் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போனார். வெகுநேரம் கழித்து நர்ஸ் வந்து, "உங்க வீட்டுக்காரர் ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனாரும்மா" என்றாள்.

தொட்டிகளைப் பிடுங்கத்தான் போயிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். என்னிடம் கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. ஆனாலும் எனக்குள் ஒரு பிடிவாதம் கிளம்பியது. பிடுங்கட்டும். ரயில் பாதை ஓரம் பூராவும் எருக்குதான். அரசாங்கமே வளர்க்கிற செடி அது. போனதும் மறுபடியும் நடுவேன், ஏழு அல்ல, பதினாலு.

துணைக்கு ரஹ்மத்தக்கா வந்தார். நோன்பு மாசம். தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ்ஸில் வந்து, பகல் முழுக்க என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மணி பார்த்து நர்ஸைக் கூப்பிட்டு, எனக்குச் சாப்பாடு வாங்கி ஊட்டிவிட்டார். "அக்கா, நீங்க பட்டினி கெடந்து எனக்கு ஊட்டுதீகளே" என்றால், "ஒனக்கு நோன்பு இல்லலா, தின்னு" என்பார். மாலையில் ஒரு பேரீச்சம்பழத்தைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டு, பள்ளிவாசலில் வாங்கிவந்த கஞ்சியில் பாதியை எனக்கு ஊற்றினார். வீட்டு நிலவரம் கேட்டால் மட்டும், "ஒம் புருசனையே கேளு" என்று வாயை மூடிக்கொண்டார். பில்லைப் பற்றியும் பேச விடவில்லை. பிரஸ்ஸில் எல்லோருமாகப் பார்த்துக்கொண்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சனிக்கிழமை ஜன்னல் கம்பிகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஞாயிற்றுக்கிழமை பலகையில் மூன்று வரி. உள்பக்கச் செல்களை எண்ணுகிற மெஷினில், வீக்கம் வடிந்தபின் படம் எடுத்தார்கள். இடது கண்ணைவிட வலதில் குறைவுதான். "போனது போனதுதாங்க. இருக்கறதே போதும், இன்னொரு தடவ பால் படாம இருந்தா" என்றார் டாக்டர். லென்ஸ் பிடிக்கலாமா என்று கேட்டேன். சொட்டெல்லாம் நிறுத்தின பிறகுதான் சொல்ல முடியும் என்றார்.

திங்கட்கிழமை கூட்டிப்போக அவர் வந்தார். மோட்டார்பைக் ஓட்டுகிறவர்கள் கண்ணில் மாட்டுகிற கண்ணாடி ஒன்று கழுத்தில் தொங்கியது. எங்களிடம் பைக் கிடையாது.

"இது எதுக்கு?"

"எல ஒடிக்கத்தான்."

கண்ணாடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"நான் போறதுக்குள்ள புழு நாலு செத்துருச்சு. மத்ததெல்லாம் கெடக்கு. கூடு அஞ்சு வெடிச்சு, பறக்க ரெடியா நின்னுச்சு. ஸ்டிக்கர் தீந்துபோச்சுன்னு, ரஹ்மத்தக்கா இங்க வாரதுக்கு முன்ன பிரஸ்ஸுல சொல்லிப் புதுசு அடிக்க வச்சாக. அறுவத்தொண்ணுல இருந்து ஒட்டிருக்கேன். காலண்டர்ல குறிச்சிருக்கேன்."

"கோவம் இல்லையா?"

"இருக்கு. செடி மேல இல்ல, ஒம் மேல. எஞ் சட்டையப் பொதைக்க வச்சுட்டயில்ல." கொஞ்ச தூரம் நடந்தபின் சேர்த்துச் சொன்னார். "இருபது வருசமா மருந்தோட பொழைக்கிறேன். அதுல ஒரு சட்டம் இருக்கு. கைய மொகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, கழுவாம வாசலத் தாண்டக் கூடாது. மாடியிலயும் இனி அதான் சட்டம். இஷ்டம்னா வளரு, இல்லன்னா நானே வளத்துக்கிறேன்."

வீட்டில் மாடி ஏறும் இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, சோப்பு, துண்டு. மதினி வாசலில் நின்று, "அக்கா சொன்னா கேக்க மாட்டான், பொண்டாட்டி பைத்தியம் இவனுக்கும் ஒட்டிருச்சு" என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தார். நான் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டே, "இன்னும் ஏழு தொட்டி வரப்போவுது மதினி" என்றேன். தொட்டிகளைத் தூக்கி எறிவதாகச் சபதம் போட்டவர் ஏன் எறியவில்லை என்று கேட்டேன். தம்பி மாடிப்படியில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டானாம். என் வீட்டுக்காரர் லோடு ஏற்றப் போகவில்லை, புழுவைப் பார்த்துக்கொண்ட நாட்களுக்குப் போர்மேனிடம் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு மருந்து அறைக்கே திரும்பிவிட்டார்.

சொட்டு ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றபோது தீபாவளியும் முடிந்துவிட்டது. டாக்டர் பலகையில் கடைசிக்கு முந்தின வரி வரை படிக்க வைத்து, நல்லது என்றார். எனக்குத் திருப்தி இல்லை. பலகை எழுத்தைப் படிப்பவளுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. மறுநாள் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும், போய் லென்ஸை வைத்த பிறகு தெரியவில்லை என்று சொல்லும்படி ஆகிவிட்டால்?

பிரஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலையில் என் வீட்டுக்காரர் மாடியிலிருந்து கூப்பிட்டார். "மாரி, லென்ஸ எடுத்துக்கிட்டு வா."

அவர் விரல் நடுவில் வெந்தய வரியன் ஒன்று, நாலு இறக்கையும் மூடி. ஒரு செதில்கூட உதிரவில்லை, மருந்து பிடிக்கிற கைக்கு அதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அடி இறக்கையில் புது ஸ்டிக்கர் ஒட்டி முடித்திருந்தார். "எடது கண்ணப் பொத்து. என்ன நம்பரு, சொல்லு."

இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். வலது கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்தேன். முதலில் ஆரஞ்சு, அப்புறம் சிவப்பு வட்டம், அப்புறம் கறுப்பு.

"எழுவத்தி நாலு" என்றேன்.

அவர் மூச்சை விட்டார். பூச்சியைப் பறக்கவிடப் போனவரை, "இருங்க, விட்டுறாதீக" என்று கையைப் பிடித்தேன்.

"என்ன, தெரியலையா?"

"சிவப்பு விலகியிருக்கு. கீழ, எடது பக்கமா, மயிரு கனத்துக்கு. நான் இல்லன்னதும் எவன் இத பாஸ் பண்ணுனான்?"

அவர் என்னையும் ஸ்டிக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை, யார் கண்ணுக்கும் தெரியாது. அது தெரிவதற்குத்தான் எனக்குச் சம்பளம். லென்ஸை எடுத்தபோது உள்பக்கம் ஈரமாக இருந்தது. சேலைத் தலைப்பை எடுக்கப் போனேன்.

"ஏ, கையக் கழுவிட்டுக் கண்ணத் தொடை" என்றார், விரலைத் திறந்துகொண்டே. எழுபத்தி நாலு, விலகின சிவப்போடு, மேற்கே கிளம்பியது.